செக்ரோலில் இருந்த பெயர்

தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட அன்று, எதைக் கொடுக்கிறோம் என்று என் அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா போய் மூன்று வருடம். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தே போட்டார் என்று நினைத்தால் ஒரு மாதிரி வலிக்கிறது. தெரியாமல் போட்டார் என்று நினைத்தால் வேறு மாதிரி வலிக்கிறது.

சமையலறை மேசையில் கரண்ட் பில்லையும் நர்சரி ரசீதையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்காரும் என் வயது அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்களாக இருப்பீர்கள். இல்லையென்றால் தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகளாக இருப்பீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. பத்து வயதில் என் பெற்றோருக்காக நான் ஒரு கணக்குப் போட்டேன். அது சரியான கணக்கு. அதனால்தான் அதை மறக்க முடியவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் காம்பார் போகும் பழைய சாலையிலிருந்து உள்ளே இரண்டு மைல். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். மதியத்துக்கு மேல் அப்பா மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்குப் போய்க் கட்டட வேலையில் கல்லும் சிமெந்தும் தூக்குவார். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருடம் அந்தக் கட்டடங்கள் பாதியில் நின்றன. கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, குத்தகைக்காரரையே காணவில்லை என்றார் அப்பா. அதற்குப் பிறகு மதியங்களில் அவர் வீட்டில் இருந்தார். அப்பா பகலில் வீட்டில் இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. எங்கே உட்காருவது என்று அவருக்கும் தெரியவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் வாசலுக்கு நகர்த்துவார், பிறகு உள்ளே நகர்த்துவார். அம்மா அதைச் சுற்றிக்கொண்டு பெருக்குவார்.

தம்பிக்கு அப்போது எட்டு மாதம். அந்த வருடத்தை நான் அவன் பால்மாவு டின்னை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அம்மா கரண்டியில் மாவைக் குவித்து எடுப்பார். டின் விலை ஏற ஏறக் கரண்டியை டின் விளிம்பில் தேய்த்து மட்டமாக்கினார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். பின்னர் தேய்த்த பிறகும் விரல் நுனியால் கொஞ்சம் டின்னுக்குள் தள்ளிவிடுவார். புட்டியில் பால் நீலம் கலந்த மாதிரி இருக்கும். தம்பி குடித்து முடித்துவிட்டு, காலிப் புட்டியைக் கடித்துக்கொண்டே எங்களைப் பார்ப்பான்.

இலை உதிர்ந்து, மறுபடி தளிர் விட்ட சமயம் ஒரு செய்தி வந்தது. ஆற்றோரம் இருந்த கிழட்டு மரங்களைச் சாய்க்கப் போகிறார்கள். சாய்ப்பதற்கு முன்னால், ஏணி வைத்து மேலே வரை வெட்டி, இருக்கிற பாலை எல்லாம் எடுத்துவிட வேண்டும். அந்த வேலையைத் தோட்டம் வெளியிலிருந்து வந்த ஒரு டவுக்கே முதலாளியிடம் குத்தகைக்கு விட்டிருந்தது. அவர் எடைக்குக் காசு கொடுப்பார். வாரா வாரம், கையில். ஈபிஎப் சேமிப்புக்குப் பிடிக்க மாட்டார், யூனியன் சந்தா பிடிக்க மாட்டார். ஆனால் அவரிடம் போகிறவர்கள் செக்ரோலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும்.

செக்ரோல் என்றால் தோட்டத்து வேலையாட்களின் பதிவேடு. விடியற்காலையில் ஆபீஸ் முன்னால் பெரட்டு நடக்கும்போது ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அதைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுவார். அதில் பெயர் இருக்கிறவருக்கு வேலை உண்டு, வேலை செய்த வருடக்கணக்கு உண்டு. தோட்டத்து வீடு அப்பாவின் பெயரில் இருந்தது; பெயரை எடுத்தால் வீடு போய்விடும் என்பதால் அப்பா குத்தகைக்குப் போக முடியாது. அம்மா போகலாம் என்று பேச்சு வந்தது. உண்மையில் அந்த வீட்டில்தான் அம்மா பிறந்தார். பதினாறு வயதிலிருந்து அவர் பெயர் செக்ரோலில் இருந்தது. அப்பா கல்யாணம் ஆன பிறகுதான் பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்திலிருந்து இங்கே வந்தார். கல்யாணமானதும் வீட்டை மாப்பிள்ளை பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

ஒரு மதியம், சோறு தின்ற கை காய்வதற்கு முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா. அம்மா சம்பளச் சிலிப்பு மூணு மாசத்துது இருக்கு. இந்தப் பக்கம் கொண்ட்ராக்குல ஒரு நாளைக்கு எத்தன கிலோ வரும்னு டவுக்கே சொன்னது. எது கூடன்னு போட்டுச் சொல்லு."

"மூணையும் கூட்டி மூணால வகுக்கணும்பா. அதான் சராசரி" என்றேன். அந்த வாரம்தான் பள்ளியில் சராசரி நடத்தியிருந்தார்கள்.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா, நம்ம வீட்லயே ஒரு கிராணி."

நான் கட்டுரைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன். ரப்பரால் அழித்து, ஊதி, கோடு போட்டு, விடைக்கு அடியில் ஒரு கோடு போட்டேன். குத்தகைக்குப் போனால் மாதம் எழுபது ரிங்கிட் கூடுதலாகக் கைக்கு வரும். தம்பிக்கு எத்தனை டின் என்றும் கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பேர எடுத்துட்டா திரும்ப எழுதுவாங்களா?"

"மறுநடவு முடியட்டும். எழுதாம எங்க போவான்?" என்றார் அப்பா. "புது மரத்துக்கு ஆளு வேணாமா? உங்கப்பா காலத்துலயும் சாய்ச்சாங்க, திரும்ப நட்டாங்க. நீதான சொல்லுவ."

"அது சரி. ஆனாலும் பேருன்னு ஒண்ணு..."

அப்போது நான்தான் சொன்னேன். விடைக்கு அடியில் இரண்டாவது கோட்டைப் போட்டபடியே சொன்னேன்.

"பேர வச்சு என்னம்மா செய்றது? காசு கூட வருது லா."

அப்பா சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற முகம் அது. இன்று என் மகள் எதையாவது அடித்துச் சொல்லும்போது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

அடுத்த நாள் பைப்படியில் பெண்கள் எல்லாம் இதையேதான் பேசினார்கள். ஐந்தாறு பேர் பெயர் எடுப்பதாக இருந்தது. அடுத்த வீட்டு அத்தை மட்டும் மாட்டேன் என்றார். சொந்த அத்தை இல்லை, நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். அவர் வீட்டில் தினமும் சண்டை நடக்கும். அந்த மாமா பேச ஆரம்பித்தால் ரேடியோவை அணைத்துவிட்டு அவரையே கேட்கலாம் என்பார்கள்.

"உனக்கென்னக்கா, வீம்பு" என்றார் ஒரு பெண். "கொண்ட்ராக்குல போனா வாராவாரம் காசு."

"காசு வரட்டும் போகட்டும்" என்றார் அத்தை, துணியைப் பிழிந்துகொண்டே. "பெரட்டுல என் பேரு கூப்புட்டா 'இருக்கேன்'னு சொல்றேன் பாரு. ஒரு நாளைக்கு அந்த ஒரு வார்த்ததான் அந்த மனுசன் குறுக்க பேசாம நான் பேசுறது. அதயும் வித்துத் திங்கச் சொல்றியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வாளி நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் நின்றார். நான்தான் பைப்பை மூடினேன்.

தாள் மலாயில் இருந்ததால் அம்மா கையெழுத்துப் போடும்போது என்னைக் கூட்டிப் போனார். கிராணியின் அறையில் பழைய பேப்பர் வாசமும் மை வாசமும் இருந்தன. கிராணி வெள்ளைச் சட்டைக்காரர், மெதுவாகப் பேசுவார். ஒரு நாளும் யாரையும் அதட்டியதில்லை.

"நல்லா யோசிச்சியாம்மா?" என்று கேட்டார்.

"புள்ள கணக்குப் போட்டுச்சுங்க ஐயா" என்றார் அம்மா.

நான் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான்கு வரிதான்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"நீங்களாவே வேலைய விட்டுப் போறீங்கன்னு எழுதியிருக்கும்மா."

"நானாவா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்மா எழுதுறது" என்றார் கிராணி.

"நானாவா" என்று அம்மா இன்னொரு முறை சொன்னார். இந்த முறை கேள்வியாக இல்லை. பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார். தமிழில் தன் பெயரை எழுத அவருக்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வரைவார். கடைசி எழுத்துக்கு முன்னால் பேனா நின்றது. நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் வரியை எழுத வேண்டியிருந்திருக்காது.

அந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அம்மாவுடன் நானும் எழுந்து போனேன். குத்தகை ஆட்களை ஏற்றிப்போகும் லோரி பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நிற்கும். ஈரப்புல், டீசல் புகை, பெண்களின் தலைத்துணியில் ஏறிப்போயிருந்த புளித்த பால் நாற்றம். கிராணி விளக்கு வெளிச்சத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக "இருக்கேன்", "இருக்கேங்க" என்றார்கள். அம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். முன்பு தன் பெயர் வந்த இடத்துக்குக் கிராணி வந்ததும் அம்மாவின் கைகள் முடிச்சில் அப்படியே நின்றன. கிராணி அடுத்த பெயருக்குப் போனார். அத்தை "இருக்கேன்" என்று உரக்கச் சொன்னார். அம்மா முடிச்சை இறுக்கிவிட்டு என் கையைப் பிடித்து லோரியில் ஏற்றினார்.

கிழட்டு மரங்களில் பால் நிறையத்தான் வந்தது. மரப்பட்டையில் ஏதோ மருந்து தடவி, ஏணியில் நின்று தலைக்கு மேல் கை நீட்டி வெட்ட வேண்டும். வெட்டும்போது பால் முழங்கை வழியாக அக்குளுக்கு வழியும். வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைத் தூக்கித் தலை வாரமாட்டார். நான்தான் வாரிவிடுவேன். முடியில் காய்ந்த பால் நூல் நூலாக ஒட்டியிருக்கும். முதல் இரண்டு மாதம் என் கணக்கைவிடக் கூடுதலாகவே காசு வந்தது. தம்பியின் கரண்டி மறுபடி குவிந்தது. அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு மழை பிடித்தது. நான் சராசரி எடுத்த மூன்று மாதமும் வெயில் மாதம், டவுக்கே சொன்ன கிலோவும் வெயில் நாளுக்கானது. மழை நாளில் செக்ரோல் ஆட்களுக்குப் புல் வெட்டவோ வாய்க்கால் தோண்டவோ ஏதாவது வேலை கொடுப்பார்கள், பெயர் விழும், கூலி கிடைக்கும். குத்தகை ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்ட, அம்மா மரவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அத்தை பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போவார். போகும்போது எங்கள் ஜன்னலைப் பார்க்கமாட்டார். பார்த்தால் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மா அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு குறைந்துபோனது.

"நீ தப்பா ஒண்ணும் போடல" என்று அப்பா என்னிடம் ஒருமுறை சொன்னார். "மழைய யாரு கண்டா."

ஏழு மாதத்தில் குத்தகை முடிந்தது. இயந்திரம் வந்து மரங்களைச் சாய்த்தது. நாங்கள் பிள்ளைகள் போய் நின்று வேடிக்கை பார்த்தோம். வெட்டவெளியில் முதன்முதலாக எங்களுக்கு மலை தெரிந்தது. கன்றுகள் வரும் என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். வந்தது அளவெடுக்கிற ஆட்கள். சிவப்புச் சாயம் பூசிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துக்கூட, "புது மாதிரி நடப்போறாங்க போல, வரிசையெல்லாம் அளந்து" என்றுதான் அப்பா சொன்னார். தோட்டம் என்றால் மரம் சாயும், மரம் நடும். வேறு எதுவும் நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு பாலையும் ஒரே அடியாக உறிஞ்சி எடுத்தது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் பட்டியல் ஒட்டினார்கள். தோட்டம் விற்றாகிவிட்டது. வருடக்கணக்குப்படி நஷ்டஈடு. பக்கத்திலேயே சிறு வீடுகள் கட்டி, அதிக வருடம் வேலை செய்தவர்களுக்கு முதலில் கொடுப்பார்கள். ஆபீஸ் பலகைக்கு முன்னால் கூட்டம். என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். வீடு கிடைப்பவர்களின் பெயர்களை நான் உரக்கப் படித்தேன். அத்தையின் பெயர் வந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். கடைசி வரை படித்தேன். அப்பாவின் பெயர் இல்லை, அவருக்கு வருடம் போதவில்லை.

"இன்னொரு தடவ படிம்மா" என்றார் அம்மா.

நான் படித்தேன். அம்மா செக்ரோலில் இருந்தது பத்தொன்பது வருடம். அவர் வயதுப் பெண்கள், அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பட்டியலில் வரிசையாக இருந்தார்கள்.

அப்பா கிராணியிடம் போய்ச் சத்தம் போட்டார். கிராணி எழுந்து நின்றே பதில் சொன்னார்.

"அவங்களா எழுதிக் கொடுத்தாங்கய்யா. தாளு இருக்கு. மேல சொன்னத நான் செஞ்சேன். தோட்டத்த விக்கிறாங்கன்னு எனக்கும் அப்பத் தெரியாது."

அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று நான் பல வருடம் அவரை வெறுத்திருக்கிறேன். இப்போது நானும் ஒரு ஆபீசில் உட்கார்ந்து மேலிருந்து வருவதைத் தட்டச்சு செய்கிறேன். அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மேசைக்குப் பின்னால் அன்றைக்கே அட்டைப்பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவரும்தான் கிளம்பவேண்டியிருந்தது.

நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். புந்தோங்கில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தோம். அப்பா ஒரு கிடங்கில் ஜாகாவாக, காவல் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா பள்ளிக்கூடம் கூட்டிக் கழுவும் குத்தகை வேலைக்குப் போனார். குத்தகைக்காரர் மாறும்போதெல்லாம் அவர் புது ஆளாகச் சேர்ந்தார். இருபது வருடம் அப்படிப் புது ஆளாகவே இருந்தார் என்று சொன்னால் தவறில்லை.

அம்மா ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நான் டிப்ளோமா முடித்த வருடம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தைரியம் வந்து கேட்டேன். "அன்னிக்குக் கையெழுத்து போடுறப்ப உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

"கணக்கு நீ சரியாத்தான் போட்ட. தம்பி அழுவல இல்ல, அந்த ரெண்டு மாசம்."

நான் கேட்டதற்கு அது பதிலா என்று அன்றும் தெரியவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆர்டர் இல்லை. ஓவர்டைம் நின்று நான்கு மாதம் ஆகிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்குப் பதினோரு மாதம். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். அங்கேயும் ஆள் குறைக்கிறார்கள். தானாக விலகுகிறவர்களுக்கு நான்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

கணக்கு எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளின் நர்சரிக் கட்டணம், பெட்ரோல், மதியச் சாப்பாடு எல்லாம் கழித்தால் என் சம்பளத்தில் மிஞ்சுவது மிகக் குறைவு. நான் வீட்டில் இருந்தால் இந்த வருடம் எங்களால் மூச்சுவிட முடியும். சின்னவனும் மாதம் இரண்டு தடவை காய்ச்சலோடு வீட்டுக்கு வரமாட்டான். எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வருகிறது. விலகாமல் இருந்தால் பிறகு நாலு மாதச் சம்பளமும் இல்லாமல் அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அத்தையைப் போல அடித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்கு அன்று இடுப்பில் பிள்ளை இல்லை. "உனக்கு எது சரியோ அதச் செய், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்கிறார் என் கணவர். நல்ல மனிதர். அவர் ஏதாவது சொன்னால் தேவலை என்று இருக்கிறது.

உங்களில் பிள்ளைகளுக்காக வேலையை விட்டவர்கள் இருப்பீர்கள். பிறகு திரும்பப் போக முயன்றவர்களும் இருப்பீர்கள். நெருக்கடியிலும் விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு வேறு விலை கொடுத்தவர்களும் இருப்பீர்கள். தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். வரவு செலவைப் போட்டுக் காட்ட வேண்டாம், அதை நானே போட்டுவிட்டேன். வேலையை விட்ட பிறகு வந்த முதல் திங்கட்கிழமை காலையில், எல்லாரும் கிளம்பிப் போனதும் என்ன செய்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.